தறி நின்ற வீட்டில் கலம் பிடிக்க: முதல் ஆண்டுக்கு ஒரு வழிகாட்டி

ஆந்திராவில் நகரி, ஏகாம்பரகுப்பம், புத்தூர், சத்தியவேடு, எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை என்று எங்கள் ஊர்களில் தறிச் சத்தம் அடங்கிப்போன வீடுகள் நிறைய. விசைத்தறியை எடைக்குப் போட்டவர்கள், கடன் வாங்கிக் கடை வைத்து மூடியவர்கள், பட்டணத்து வேலை போய் ஊர் திரும்பியவர்கள், துணையைப் பறிகொடுத்தவர்கள் எல்லாரும் என் திண்ணையில் வந்து உட்கார்ந்து கேட்பது ஒன்றைத்தான்: "அக்கா, இந்தக் கலம்காரி கத்துக்கிட்டா நான் மறுபடி எழுந்துடுவேனா?" கலம் என்றால் மூங்கில் பேனா. அதைக் கொண்டு துணியில் இயற்கைச் சாயத்தால் படம் எழுதும் காளஹஸ்திக் கலைதான் கலம்காரி.

எழலாம் என்று நம்பித்தான் சொல்லிக்கொடுக்கிறேன். எங்கள் வீட்டில் தறி நின்றபோது என்னை நிமிர்த்தி உட்கார வைத்தது இந்த வேலைதான். கை வேலை, நோட்டில் எழுதுவது, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது என்ற மூன்றும் சேர்ந்துதான் அதைச் செய்தன. பெரும்பாலோர் முதலாவதைப் பிடித்துக்கொண்டு மற்ற இரண்டையும் "அப்புறம் பாத்துக்கலாம்" என்று ஒத்திப்போடுகிறார்கள். வேண்டாம். மூன்றையும் முதல் மாதத்திலேயே தொடங்கிவிடுங்கள். குறிப்பாகச் சொல்லிக்கொடுப்பதை, "நான் நன்றாகக் கற்ற பிறகு" என்று தள்ளாதீர்கள். அதற்கான காரணம் இந்தக் கலையின் வரலாற்றிலேயே இருக்கிறது; அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

தொடங்கும் முன்

கை கால் முறிந்தவரைப் புத்தூர் கட்டுக்குக் கூட்டிப்போனால், முதலில் முறிந்த இடத்தை அசையாமல் நிறுத்திக் கட்டுவார்கள். நடை பழகுவதெல்லாம் பிறகு. இங்கேயும் அப்படித்தான். கலத்தைத் தொடுவதற்கு முன் இரண்டு காரியங்களை நிறுத்திக் கட்டுங்கள்.

ஒன்று, கடன். யாருக்கு எவ்வளவு, வட்டி எவ்வளவு, எது நகைக்கடன், எது கைமாற்று என்று ஒரே தாளில் எழுதி, வீட்டில் ஒருவரிடமாவது காட்டிவிடுங்கள். ஒளித்து வைத்த கடன் தலையில் இருக்கும்போது கோடு நேராக வராது. கலம்காரிக்காகப் புதிதாக ஒரு ரூபாய்கூடக் கடன் வாங்காதீர்கள். கூலி வேலை எது கிடைத்தாலும் முதல் ஆண்டில் அதை விடாதீர்கள்.

இரண்டு, உடம்பும் மனசும். தூக்கமே வராமல், இருந்தென்ன செத்தென்ன என்ற நினைப்பு திரும்பத் திரும்ப வந்தால், அதற்கு மருந்து படம் வரைவது என்று நான் சொல்ல மாட்டேன். 14416 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். அது மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண். 2022 முதல் நடக்கிறது, காசு கிடையாது, எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம், தெலுங்கிலும் பேசலாம். அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்கள். அதோடு சேர்த்து இதையும் செய்யலாம்.

துணியும் பாலும்

முதல் மாதத்துக்கு வேண்டியதெல்லாம் காடா துணி இரண்டு மீட்டர், கடுக்காய்ப் பொடி, காய்ச்சாத எருமைப்பால், வெல்லம், துருப்பிடித்த இரும்புத் துண்டுகள், ஒரு மண்பானை, கொஞ்சம் மூங்கில் குச்சி. கடுக்காய், படிகாரம், பின்னால் சிவப்புக்கு வேண்டியிருக்கும் மஞ்சிட்டி மூன்றும் நாட்டு மருந்துக் கடையிலேயே கிடைக்கும். தெலுங்குக் கடைக்காரரிடம் "கரக்காயா" என்று கேளுங்கள். பாவும் ஊடும் பார்த்து வளர்ந்தவர்களுக்குத் துணி தேர்ந்தெடுப்பதை நான் சொல்லவே வேண்டாம். பருத்தி, வெளுக்காதது, நெசவு நெருக்கமானது. பாலியஸ்டர் ஒரு இழை கலந்திருந்தாலும் சாயம் ஏமாற்றும்.

துணியை ஒரு நாள் ஊறவைத்து, கஞ்சி முழுக்கப் போகும்வரை அலசிக் காயவையுங்கள். கஞ்சி மிச்சமிருந்தால் அந்த இடத்தில் மட்டும் நிறம் திட்டுத் திட்டாக நிற்கும். பிறகு கடுக்காய்ப் பொடியைப் பாலில் கட்டி தட்டாமல் கரைத்து, துணி முழுக்க ஒரே சீராக நனையும்படி முக்கிப் பிழிந்து, வெயிலில் விரித்துக் காயவையுங்கள். மடிப்போடு காய்ந்தால் மடிப்பு கோடாகவே நின்றுவிடும். காய்ந்த துணி வெளிர் மஞ்சளாக இருக்கும், பால் வாடை அடிக்கும். அந்த வாடை கடைசி அலசலில் போய்விடும், கவலை வேண்டாம்.

எதற்குப் பால் என்று முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் நாளை ஒரு பிள்ளை உங்களைக் கேட்கும். கடுக்காயில் துவர்ப்பு இருக்கிறது. இரும்புச் சாறு அந்தத் துவர்ப்பைத் தொட்டதும் கறுத்துத் துணியோடு பிடித்துக்கொள்ளும். பாலில் உள்ள கொழுப்பு, சாறு இழை வழியே பரவாமல் தடுக்கிறது. பால் இல்லாத துணியில் ஒரு கோடு போட்டுப் பாருங்கள், மை ஒற்றும் தாளில் எழுதியதுபோல் ஊறி விரியும். எருமைப்பாலில் கொழுப்பு அதிகம் என்பதால்தான் காளஹஸ்திக்காரர்கள் பசும்பாலை விட அதைக் கேட்கிறார்கள்.

கசிமி ஊறும் மூன்று வாரம்

கறுப்புக்கு இங்கே கசிமி என்று பெயர். பானையில் இரும்புத் துண்டுகளையும் வெல்லத்தையும் போட்டுத் தண்ணீர் ஊற்றி, வாயைத் துணியால் கட்டி வைக்க வேண்டும். இறுக்கமான மூடி போடாதீர்கள். புளிக்கும்போது காற்று வெளியேற வேண்டும். இரண்டு முதல் மூன்று வாரம் ஆகும். வெயில் காலத்தில் சீக்கிரம், மார்கழியில் மெதுவாக. வடிகட்டிப் பார்த்தால் வெளிறிய பழுப்பாக இருக்கும், கறுப்பே தெரியாது. கடுக்காய்த் துணியில் ஒரு சொட்டு வைத்தால் கண்ணெதிரே கறுக்கும். கறுக்காமல் பழுப்பாகவே நின்றால் இன்னும் சில நாள் விடுங்கள். ரொம்பக் காரமாகிவிட்டால் தண்ணீர் சேர்க்க வேண்டும். இரும்பு மிகுந்த கறுப்பு சில ஆண்டுகளில் கோட்டின் மேலேயே துணியை அரித்துவிடும்.

இந்த மூன்று வாரத்தை அவசரப்படுத்த வழியே கிடையாது. அதனால்தான் நோட்டை இங்கே தொடங்கச் சொல்கிறேன். பள்ளிக்கூடத்து நூறு பக்க நோட்டு போதும். எழுதும் மொழியைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். திருத்தணி 1960-இல் அந்தப் பக்கம் சேர்ந்து, நாம் இந்தப் பக்கம் நின்ற நாளிலிருந்து நம் வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு, பள்ளியில் எது வாய்த்ததோ அது. தமிழைத் தெலுங்கு எழுத்தில் எழுதும் பெண் ஒருத்தி என் வகுப்பில் இருந்தாள். அவள் நோட்டு அவளுக்குப் புரிந்தது, அது போதும்.

முதல் வாரம், போனதை எழுதுங்கள். "எல்லாம் போச்சு" என்று எழுதாமல் தனித்தனியாக எழுத வேண்டும். தறி எத்தனை, மாத வரவு எவ்வளவு, காலையில் எழுந்ததும் போவதற்கு ஓர் இடம் இருந்தது, பாவு பிணைப்பவரோடு பேச்சு இருந்தது, தெருவில் "முதலாளி" என்று கூப்பிட்டார்கள். இப்படிப் பிரித்து எழுதும்போது பணம் ஒரு வரிதான், மற்ற வரிகள் வேறு என்று தெரிய வரும். காலையில் போவதற்கு ஓர் இடம் என்பதைப் பணம் இல்லாமலே திரும்ப உண்டாக்கலாம். அதைத்தான் முதலில் உண்டாக்கப் போகிறோம்.

இரண்டாம் வாரம், காரணத்தை எழுதுங்கள். பக்கத்தை மூன்றாகக் கோடு போட்டுப் பிரியுங்கள். நான் செய்தது, என்னைச் சுற்றி நடந்தது, எனக்கு இன்னமும் விளங்காதது. நூல் விலை ஏறியது நீங்கள் செய்ததில்லை. கணக்கு எழுதாமல் இருந்தது நீங்கள் செய்தது. வந்து உட்காருகிறவர்களில் பாதிப் பேர் எல்லாவற்றையும் முதல் பத்தியிலேயே எழுதித் தங்களைத் தாங்களே அடித்துக்கொள்கிறார்கள். மீதிப் பேர் எல்லாவற்றையும் இரண்டாவதில் எழுதிவிட்டு ஊரைத் திட்டுகிறார்கள். இரண்டு பேருக்கும் அடுத்த முயற்சியில் எதை மாற்றுவது என்று தெரியாமல் போகிறது. மூன்றாவது பத்தி காலியாக இருந்தால் நம்பாதீர்கள், இன்னும் ஒரு நாள் யோசியுங்கள்.

மூன்றாம் வாரம், மிச்சம் இருப்பதை எழுதுங்கள். நெசவுக்காரருக்குத் துணி தெரியும், நிறம் தெரியும், நூலின் இழுப்பு விரலுக்குத் தெரியும். கடை வைத்திருந்தவருக்கு மனிதர்களோடு பேசத் தெரியும். சமைத்துப் போட்டே காலம் கழித்த பெண்களுக்குத் தீயின் பக்குவம் தெரியும், சாயம் கொதிக்கும்போது அது எவ்வளவு பெரிய சொத்து என்று பார்ப்பீர்கள்.

அதன் பிறகு நாள்தோறும் நாலு வரி. இடது பக்கம் துணிக்கு என்ன ஆனது, வலது பக்கம் உங்களுக்கு என்ன ஆனது. மாதக் கடைசியில் ஒரே ஒரு முறை திருப்பிப் படியுங்கள். நடுவில் படித்தால் நேற்றைய அழுகையை இன்றைக்கும் அழ வேண்டியிருக்கும்.

கலமும் கோடும்

மூங்கில் குச்சியை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, முனையைக் கூராகச் சீவுங்கள். முனைக்குச் சற்று மேலே கம்பளித் துணியோ பஞ்சுத் துணியோ சுற்றி நூலால் இறுக்கிக் கட்ட வேண்டும். கசிமியில் தோய்த்தால் அந்தச் சுற்று சாற்றைக் குடித்து வைத்துக்கொள்ளும், விரலால் அழுத்த அழுத்த முனைக்கு இறங்கும். மெல்லிய கோட்டுக்கு ஊசி போன்ற முனை, நிறம் நிரப்ப மழுங்கிய முனை. கடையில் கலம் வாங்காதீர்கள். உங்கள் விரலின் அழுத்தத்துக்கு ஏற்றபடி அந்தச் சுற்றை நீங்கள்தான் கட்ட வேண்டும்.

அடையாளம் போடப் புளியங்குச்சியைச் சுட்ட கரி. அது தப்பினால் தட்டிவிடலாம். கசிமிக் கோட்டை அழிக்கவே முடியாது. புதிதாக வருகிறவர்கள் இதில்தான் உறைந்துபோகிறார்கள், ஏற்கெனவே வாழ்க்கையில் தப்பு செய்துவிட்டோம் என்ற பயத்தோடு வருகிறவர்கள் இன்னும் அதிகமாக. அவர்களுக்கு நான் கொடுக்கும் பயிற்சி இது. முதல் இரண்டு வாரம் படமே வேண்டாம். கைக்குட்டை அளவு துணித்துண்டில் இடமிருந்து வலமாகக் கோடு, மேலிருந்து கீழாகக் கோடு, வளைகோடு. சொட்டு விழுந்தால் அந்தச் சொட்டை ஒரு பூவின் நடுப்பொட்டாக்கி, சுற்றி இதழ் போடுங்கள். பழைய திரைச்சீலைகளைக் கிட்டத்தில் போய்ப் பாருங்கள், ஆளுக்கும் மரத்துக்கும் நடுவே இடமே விடாமல் பூவும் கொடியும் நிறைந்திருக்கும். அந்த நிறைவுக்குள் எத்தனையோ சொட்டு ஒளிந்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

பிறகு மாங்காய், தாமரை, மயில், கொடி. முகம் கடைசியில், முகத்திலும் கண் கடைசியில். கதை வரைய ஆசை வந்தால் ராமாயணமும் பாரதமும் வழக்கமாக வரையப்படுபவை. நம் ஆட்களுக்கு நான் சொல்வது கண்ணப்பர் கதை. அது காளத்தி மலையில் நடந்தது, தேவாரம் பாடிய மூவரும் பாடிய ஊர். ஆள் குறைவு, காடு நிறைய, புதியவர் கைக்கு அடங்கும். பழைய துணிகளில் படத்தின் ஓரத்தில் தெலுங்கில் கதை எழுதியிருப்பார்கள். நீங்கள் தமிழில் எழுதுங்கள்.

முதல் மாணவர்

நூறு ஆண்டுகளுக்கு முன் காளஹஸ்தியில் கோயில் தேர்ச்சீலையும் திரையும் எழுதிய குடும்பங்கள் ஒவ்வொன்றாக வேறு பிழைப்புக்குப் போய், கலை மங்கிக்கொண்டே வந்தது. கமலாதேவி சட்டோபாத்யாயா முன்கை எடுத்து, அகில இந்தியக் கைவினை வாரியம் 1957-இல் அங்கே ஒரு பயிற்சி மையத்தைத் தொடங்கியது. கை தெரிந்த ஜொன்னலகட்ட லட்சுமய்யா சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தார். இன்றைக்கு அந்த ஊரில் இந்தத் தொழில் இருக்கிறது என்றால் அந்த வகுப்பறை முக்கியமான காரணம். கலம்காரிக் கலைஞர் ஜொ. குரப்ப செட்டிக்கு 2008-இல் பத்மஸ்ரீ கிடைத்தது அந்த மறுமலர்ச்சிக்குப் பின் வந்த பெருமை. விழுந்த ஒரு தொழிலையே தூக்கி நிறுத்தியது சொல்லிக்கொடுத்தல்தான். விழுந்த ஆளுக்கும் அது கை கொடுப்பதைத் திண்ணையில் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

ஆகவே கலம் கட்டத் தெரிந்த வாரமே தெருவில் ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு, கலம் கட்ட மட்டும் சொல்லிக்கொடுங்கள். உங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான் என்றால் அவ்வளவைச் சொல்லிக்கொடுங்கள், "மீதி நானும் கத்துக்கிட்டுத்தான் இருக்கேன் கண்ணு" என்று சொல்லிவிடுங்கள். பிள்ளைகள் அதைக் குறைவாக நினைப்பதில்லை. அடுத்த வாரத்துக்குள் நீங்கள் ஓர் அடி முன்னால் இருந்தாக வேண்டும், அது உங்களைக் காலையில் எழுப்பும்.

வகுப்புக்குச் சனிக்கிழமை மாலை போன்ற ஒரு நேரத்தை வைத்து, யார் வராவிட்டாலும் அந்த நேரத்தில் பாயை விரித்து உட்காருங்கள். நோட்டில் முதல் வாரம் எழுதினீர்களே, போவதற்கு ஓர் இடம் என்று, அது இதுதான். மூன்று பிள்ளைகளுக்கு மேல் முதலில் வேண்டாம். எட்டு வயதுக்குக் கீழே வேண்டாம், கூர்முனை ஆபத்து. முதல் நாள் புளியங்கரியும் பழைய காகிதமும். இரண்டாம் நாள் கலம் கட்டுவது. மூன்றாம் நாள்தான் பால் துணி, அதுவும் உள்ளங்கை அளவு. கசிமியையும் கொதிசாயத்தையும் பெரியவர்கள்தான் தொட வேண்டும்.

சிறு தொகையாவது கட்டணம் வாங்குங்கள் என்பது என் உறுதியான கருத்து. முடியாத வீடு என்றால் ஒரு படி பால் கொண்டு வரட்டும், மூங்கில் கொண்டு வரட்டும். சும்மா கிடைக்கும் வகுப்பை மழை பெய்தால் விட்டுவிடுவார்கள், நீங்களும் விட்டுவிடுவீர்கள். பெற்றோர் "பரிசு வாங்குமா" என்று கேட்பார்கள். அந்தப் பேச்சுக்குப் போகாதீர்கள். பிள்ளையின் கோட்டைத் திருத்த உங்கள் கையை அதன் கைமேல் வைக்காமல், உங்கள் துணியில் போட்டுக் காட்டுங்கள். அது பார்த்துச் செய்யட்டும். பிள்ளைகள் கேட்ட கேள்வியில் உங்களுக்கு விடை தெரியாததை நோட்டில் எழுதி வையுங்கள். அந்தப் பட்டியல்தான் உங்கள் பாடத்திட்டம்.

சிவப்பு

மூன்றாம் மாதத்துக்கு முன் நிறத்துக்குப் போக வேண்டாம். சிவக்க வேண்டிய இடங்களில் மட்டும் படிகாரக் கரைசலைக் கலத்தால் பூசி, ஒரு நாளாவது காயவிட்டு, ஓடும் தண்ணீரில் அலசுங்கள். மிச்சப் படிகாரம் வெளியே வழிந்து பக்கத்து இடத்தையும் சிவக்க வைக்காமல் இருக்கத்தான் ஓடும் தண்ணீர். காளஹஸ்தியில் அதற்குச் சொர்ணமுகி ஆறு இருந்தது. ஆற்றில் தண்ணீர் எல்லா மாதமும் இருப்பதில்லை, நமக்கு ஆறே இல்லை. போர் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அதன் கீழே துணியை இருபுறமும் பிடித்து ஆட்டுங்கள், தொட்டியில் ஊறப்போடாதீர்கள். பிறகு மஞ்சிட்டி போட்ட தண்ணீரில் துணியைக் கிளறிக்கொண்டே சூடேற்ற வேண்டும். படிகாரம் பட்ட இடம் சிவந்து நிற்கும், மற்ற இடம் மங்கலாகச் சாயம் ஏறும். சாணி கரைத்த தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்து, வெயிலில் விரித்துத் தண்ணீர் தெளித்துத் தெளித்துக் காயவைத்தால் மங்கல் வெளுக்கும். அடுத்த நிறத்துக்கு மறுபடி பாலில் நனைக்க வேண்டும். மஞ்சளுக்குக் கடுக்காய்ப் பூ, நீலத்துக்கு அவுரி, மஞ்சள்மேல் நீலம் பட்டால் பச்சை.

காசு

ஆறு மாதம்வரை எதையும் விற்காதீர்கள். விற்கத் தொடங்கும்போது புடவையில் கை வைக்காமல் கைக்குட்டை, சின்ன சுவர்த்துணி, புத்தக உறை என்று போங்கள். விலை போடும்போது துணி, பால், சாயம், விறகு எல்லாவற்றோடும் உங்கள் நாள்கூலியையும் சேருங்கள். கூலியைச் சேர்க்காமல் விலை சொன்னால் மற்ற எல்லாக் கைகாரர்களின் விலையையும் நீங்கள் இறக்குகிறீர்கள்.

மத்திய அரசின் கைவினை வளர்ச்சி ஆணையர் அலுவலகம் கைவினைஞர் அடையாள அட்டை கொடுக்கிறது, விண்ணப்பியுங்கள். கண்காட்சிகளில் இடம் கேட்க அது உதவும். ஆந்திர அரசின் கைவினைக் கடை லேபாக்ஷி. காளஹஸ்திக் கலம்காரிக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. அந்தப் பெயரில் விற்க அதற்கான பதிவு வேண்டும். அதுவரை "கையால் எழுதிய இயற்கைச் சாயத் துணி" என்று உள்ளதை எழுதுங்கள். அச்சடித்த துணியைக் கலம்காரி என்று விற்கும் கடைக்காரர்கள் உங்களிடம் வந்து உங்கள் பெயரைக் கேட்பார்கள். கொடுக்காதீர்கள். வாங்க வருகிறவருக்கு வேறுபாட்டைச் சொல்லிக்கொடுங்கள்: கையால் போட்ட கோடு ஓரிடம் தடித்து ஓரிடம் மெலியும், ஒரே பூ இரண்டு இடத்தில் ஒரே மாதிரி இருக்காது.

காளஹஸ்திக்கு எப்போது போவது

ஏழு எட்டு மாதம் கழித்துப் போங்கள். தொடக்கத்திலேயே போனால் அங்கே சுவர் அளவு தொங்கும் சீலையைப் பார்த்து மனம் ஒடிந்து திரும்புவீர்கள். ஏகாம்பரகுப்பத்திலோ புத்தூரிலோ ரயில் ஏறினால் ரேணிகுண்டாவில் இறங்கி மாறிக்கொள்ளலாம், அங்கிருந்து பேருந்தும் உண்டு. வேலை நடக்கும் நாளில், காலையிலேயே போங்கள். வெயில் உள்ளபோதுதான் சாயம் போடுவதையும் காயவைப்பதையும் பார்க்க முடியும். கோயில் தரிசனத்தை மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நன்றாக வந்த துணி ஒன்றும், சரியாக வராத துணி மூன்று நான்கும் எடுத்துப் போங்கள். திட்டுத் திட்டான சிவப்பு, பரவிய கோடு, பழுப்பாக நின்ற கறுப்பு எல்லாம் இருக்கட்டும். வேலை செய்கிறவர் தலை நிமிரும்வரை காத்திருந்து, "குருவுகாரு, இது ஏன் இப்படி ஆச்சு" என்று கேளுங்கள். அவர் உடனே எதிர்க்கேள்வி கேட்பார்: பால் எந்தப் பால், எத்தனை நாள் காய்ந்தது, எந்தத் தண்ணீர். பதில் உங்கள் நோட்டின் இடது பக்கத்தில் தேதியோடு இருக்க வேண்டும்.